பழி சுமந்த துப்பாக்கி

பனி கொட்டும் வடநாட்டு ஊரான கூஹ்மோவில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்க்கும் கௌகோவுக்கு இருந்தது ஒரே ஆசை. குளிர்காலத்தில் பைன் மர உச்சியில் வந்து உட்காரும் மெத்சோ என்ற காட்டுக்கோழி ஒன்றைச் சுட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வான்கோழி பருமன் இருக்கும் அந்தப் பறவை கிட்டத்தில் அண்ட விடாது, தூரத்திலிருந்தே சுட வேண்டும். கறி சிதையாமலிருக்கச் சிறு தோட்டாதான் சரிப்படும். ஊர் வேட்டைச் சங்கம் ஆளுக்கு ஆண்டுக்கு ஒன்று என்று அனுமதி கொடுத்திருந்தது. கௌகோ சுட்டது எதுவும் படாததால் அவன் பங்கையும் நண்பன் இல்போவே சுட்டான்; அது வருடா வருடம் இல்போவின் சட்டியில் வெந்தது.

"துப்பாக்கி சரியில்லை" என்பான் கௌகோ. அது மாமனார் கொடுத்த துப்பாக்கி. கேட்டுக் கேட்டு மனைவி சினிக்காவுக்குக் காது புளித்துவிட்டது.

"எங்கப்பா துப்பாக்கியைக் குறை சொன்னது போதும். அறுநூறு யூரோ தரேன், புதுசு வாங்கிக்கோ. மேல ஒரு காசு கிடையாது. அப்புறம் சாக்கும் கிடையாது."

கடைசி வாக்கியம்தான் கௌகோவுக்கு இடித்தது.

புதுசு வாங்கப் போலீஸ் அனுமதி வந்ததும் பழைய துப்பாக்கியையும் தூக்கிக்கொண்டு, ஊரில் துப்பாக்கி விற்கும் ரைலியின் கடைக்குப் போனான். அங்கே காப்பி இலவசம் என்பதால் இல்போவும் கூட வந்தான். வால்நட் மரத்தில் பிடிக்கட்டை போட்டு வழவழவென்றிருந்த ஒரு துப்பாக்கியைக் கௌகோ ஆசையாகத் தடவினான்.

"அதைக் கீழ வை" என்றாள் ரைலி. "அந்த விலையில பாதி மரத்துக்குத்தான். பறவை கட்டையைப் பாத்துட்டா விழப்போகுது? குழல் நல்லாருந்தாப் போதும். இதைப் பாரு."

அவள் எடுத்து வைத்தது கறுப்பு பிளாஸ்டிக் கட்டை போட்ட, அறுநூறு யூரோ துப்பாக்கி.

"படகுத் துடுப்பு மாதிரி இருக்கே" என்றான் இல்போ.

"மூணு வகைத் தோட்டா போட்டுப் பாப்போம். எது இதுக்கு ஒத்துக்குதோ அதையே கடைசிவரை வாங்கணும். அவ்வளவுதான் ரகசியம்."

கடைக்குப் பின்னால் இருந்த சுடுதளத்தில் ரைலி மேசைமேல் மணல்மூட்டை வைத்துச் சுட்டாள். இரண்டாவது வகையில் சுட்ட மூன்று தோட்டாக்களும் ஏறக்குறைய ஒரே ஓட்டையில் போய் விழுந்தன. பிறகு கௌகோ உட்கார்ந்தான். அவன் சுட்டதில் ஒன்று குறி அட்டையின் ஓரத்தில் பட்டது. மற்ற இரண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை.

ரைலி மாமனார் துப்பாக்கியை வாங்கி மூன்று முறை சுட்டாள். அட்டையின் நடுவில் மூன்று துளைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு தெரிந்தன.

கௌகோவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அத்தனை குளிர்காலமும் ஒரு பாவமும் அறியாத துப்பாக்கியை அவன் திட்டியிருக்கிறான்.

"விசையை இழுக்கும்போது நீ ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கிறே" என்றாள் ரைலி.

"ஆமா, எப்பவும் அப்படித்தான்" என்றான் இல்போ.

கௌகோ திரும்பினான். "உனக்குத் தெரியுமா?"

"முதல் வருஷமே தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"நீ கேக்கலையே."

அந்த ஊரில் இதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. கேட்காத மனிதனுக்கு அவன் குறையை எடுத்துச் சொல்வது, கதவைத் தட்டாமல் அடுத்தவன் வீட்டுக்குள் நுழைவதற்குச் சமம். ரைலி பழைய துப்பாக்கியைக் கௌகோவின் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"புதுசு வேண்டாம்" என்றாள். விற்கிறவள் சொல்லக்கூடாத வார்த்தைதான், ஆனாலும் சொன்னாள். "பழசே அருமையா சுடுது. கண்ணைத் திறந்து வெச்சுக்கோ, போதும். காசு மிச்சம்."

கௌகோ பணப்பையை எடுத்தான்.

"குடு அந்தத் துடுப்பை. துப்பாக்கி நல்லதுதான், உங்கப்பா மேல தப்பே இல்ல, எல்லாம் என் தப்புன்னு வீட்ல சினிக்காகிட்ட போய்ச் சொல்ற தைரியம் எனக்கில்ல. அதைச் சொல்லாம இருக்கிறதுக்கு அறுநூறு யூரோ மலிவு."

ரைலியும் கல்யாணம் ஆனவள்தான். உடனே பில் போட்டாள்.