சித்திக்குத் தெரியாமல் போன பயணம்

இண்டைக்குக் காலமை, லொங்குய்ய் போற மெட்ரோவில எங்கட தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஜெசிந்தா அக்காவைக் கண்டன்.

"பிரான்சுக்குப் போய் வந்தனீங்களாம். எங்க படங்கள்?" எண்டு கேட்டா. கமராவைக் குடுத்தன்.

கல்லு வீடு ஒண்டைப் பாத்திட்டு, "இது ஆரின்ர வீடு?" எண்டா.

"தெரிஞ்ச ஒருத்தரின்ரையும் இல்லையக்கா. ஒரு கிராமத்தில கண்டது. வடிவா இருந்தது, எடுத்தனான்."

அக்காவுக்கு அது விளங்கேல்லை. பாணும் சீஸும் இருக்கிற படம் வந்ததும், "சொந்தக்காரர் ஒருத்தரும் சோறு தரேல்லையோ?" எண்டா.

அங்கதான் சிக்கல். பாரிஸில இருக்கிற சித்திக்குச் சொல்லாமல் போனனாங்கள். சொல்லியிருந்தால் வீடு வீடாச் சாப்பாடுதான், ஒரு கிராமமும் கண்டிருக்க மாட்டம்.

அக்காவும் சித்தியும் கிழமைக்கு ஒருக்காப் போனில கதைக்கிறவை. "சித்திக்குச் சொல்லிப் போடாதேங்கோ அக்கா" எண்டன்.

பேந்து, ஒரு சின்னத் தேவாலயத்துச் சுவரில இருந்த பழைய மாதா ஓவியம் வந்தது. நான் அந்த நீல நிறத்துக்காக எடுத்த படம். அக்கா மெட்ரோவிலயே சிலுவை அடையாளம் போட்டா.

கடைசிப் படத்தில, ஆப்பிள் மரத்துக்குக் கீழ என்ர மனுசன் வாயைத் திறந்துகொண்டு நித்திரை. ரெண்டு வேலை செய்யிற ஆள். அவர் பகல்ல நித்திரை கொண்டு நான் கண்டதே இல்லை.

அக்கா அதைக் கனநேரம் பாத்தா.

"இதுதான் நல்ல படம். சித்திக்கு நான் ஏன் பிள்ளை சொல்லப்போறன்?"

மத்தியானம் வீட்டை வந்தால், போனில சித்தியின்ர குரல் பதிஞ்சு கிடக்கு.

"மருமோன் நித்திரை கொள்ள எங்கட வீட்டில கட்டில் இல்லையோ, பிள்ளை?"

இதுக்கு மறுமொழி தெரிஞ்சவை கீழ எழுதுங்கோ. ஜெசிந்தா அக்காவைத் தவிர.