பணிவில்லாமல் எழுதிய கட்டுரை

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

மில் ஆபீசில் பல வருடம் கடிதம் எழுதிவிட்டு, மாலைக் கல்லூரியில் எம்.ஏ. சேர்ந்தவன் நான். என் முதல் கட்டுரையைப் பேராசிரியர் வகுப்பிலேயே உரக்கப் படித்தார்.

“‘அறிஞர் அவர்கள் சற்றே தவறியிருக்கலாமோ எனப் பணிவுடன் கருதுகிறேன்.’ ஏனுங்க, இது கட்டுரைங்களா, லீவு லெட்டருங்களா? தப்புன்னா தப்புன்னு எழுதிப்போடுங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது.

இன்று அடுத்த கட்டுரையைக் கொடுத்தேன். ‘இந்த வாதம் தவறு. ஆதாரம் இல்லை’ என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது பேராசிரியருடைய புத்தகத்தை.

நின்றபடியே படித்தார். “கொஞ்சம் பணிவா எழுதியிருக்கலாமுங்களே?”

சிரித்தவர்கள் இப்போது இந்தத் தாளின் கீழே கருத்து எழுதலாம்.

வகுப்பில் நரைத்த தலை என்னுடையது ஒன்றுதான். இருந்தாலும், மதிப்பெண் இன்னும் வரவில்லை. பெயர் போடாமலே கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன்.