எது வடக்கு என்று தெரியாமல் போன நாள்

போன மே மாதம் பஸ்ஸில் அழாமல் நான் வீடு வந்த நாள் குறைவு. வண்ணார்பேட்டையிலிருந்து எங்கள் ஊர் விக்கிரமசிங்கபுரம் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் முகத்தை வெளியே திருப்பிக்கொள்வேன். இந்தப் படிப்பே நமக்கு வேண்டாம், பேசாமல் நின்றுவிடலாம் என்றுதான் தினமும் தோன்றியது.

என் அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. நான் இன்டீரியர் டிசைன் படிக்கிறேன். கோடை விடுமுறையில் ஒரு நிறுவனத்தில் ஆறு வாரம் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கினால்தான் அடுத்த வருடத்துக்குப் போக முடியும். அலைந்து திரிந்து வண்ணார்பேட்டையில் ஒரு இடம் கிடைத்தது. முதல் நாளே தலை சுற்றிவிட்டது. நிறுவனத்தை நடத்தும் மேடம் பதினான்கு வெள்ளைப் பெயிண்ட் அட்டைகளை மேசையில் பரப்பி, "இதுல சமையலறைக்கு எது சரியா இருக்கும்?" என்று கேட்டார். எனக்குப் பதினான்கும் எங்கள் வீட்டுச் சுண்ணாம்பு மாதிரிதான் தெரிந்தன. ஒன்றைத் தொட்டேன். மேடம் அட்டைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார். சரியா தப்பா என்று இன்றுவரை தெரியாது.

நான்காவது வாரம் ஒரு புது வீட்டுக்கு அளவெடுக்க அனுப்பினார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரும் அவர் மனைவியும் கட்டிய வீடு. பூஜை அறையில் சாமி அலமாரி செய்ய வேண்டும். சாமி கிழக்கு பார்த்து இருக்க வேண்டும், அது ஒன்றுதான் அவர்கள் கேட்டது. நான் ஒவ்வொரு சுவரையும் இரண்டு தடவை அளந்து, தாளில் வரைந்து, ஆபீஸில் வரைபடம் போடும் ராஜி அக்காவிடம் கொடுத்தேன். அக்கா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

புது வீட்டுப் பால்காய்ப்புக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை சாயங்காலம், முடிந்த வரைபடத்தைக் கோப்பில் வைக்கும் வேலை எனக்கு வந்தது. விரித்துப் பார்த்தேன். கூடத்து ஜன்னல் வடக்குச் சுவரில் இருப்பதாகப் போட்டிருந்தது. நான் அளவெடுக்கும்போது சாயங்கால வெயில் அந்த ஜன்னல் வழியாகத்தான் கண்ணில் அடித்தது. வடக்கு ஜன்னலில் ஏது சாயங்கால வெயில்?

தப்பு என்னுடையதுதான். எங்கள் ஊருக்கு மேற்கே மலை. யார் வழி கேட்டாலும் மலையைக் காட்டித்தான் சொல்வோம். பள்ளிக்கூடத்தில் ஊர்ப்படம் வரையச் சொன்னால் தாளின் உச்சியில் முதலில் மலையைப் போடுவோம். அதே பழக்கத்தில் அந்த வீட்டின் மேற்குச் சுவரையும் உச்சியில் போட்டிருக்கிறேன். திசைக்கு அம்புக்குறி போடவில்லை. உச்சி என்றால் வடக்கு என்று அக்கா எடுத்துக்கொண்டாள். எல்லாரும் அப்படித்தானே எடுப்பார்கள்! அலமாரியைச் செய்து மாட்டினால் சாமி வடக்கு பார்த்து உட்கார்ந்திருக்கும்.

அலமாரி செய்யும் கங்கைகொண்டான் பட்டறையில் மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பலகை வெட்டுவதாக ஏற்பாடு. சொன்னால் என் சான்றிதழ் போகும். சொல்லாவிட்டால் ஏச்சு முழுவதும் ராஜி அக்காவுக்கு. இரண்டும் பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.

எங்கள் ஊரில் இறங்காமல் பாபநாசம் வரைக்கும் போய், கோயிலில் உலகம்மை அம்மன் முன்னால் நின்றேன். அங்கே பெண்கள் வேண்டிக்கொண்டே அபிஷேகத்துக்கு உரலில் மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் உலக்கையை வாங்கினேன். தாயே, இது யாருக்கும் தெரியாமல் போகட்டும் என்று ஒரு குத்து. ஐயோ, அந்த அக்கா பாவம், தெரியட்டும் என்று அடுத்த குத்து. இப்படியே மாற்றி மாற்றி இடித்தேன். என்ன வேண்டினேன் என்று எனக்கே புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஏட்டி, என்ன மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள். "தலைவலி" என்றேன்.

மறுநாள் நான் ஆபீஸ் போகும்போது மணி பத்து. இந்நேரம் பலகை வெட்டியிருப்பார்கள், இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் வாத்தியார் மனைவி பால்காய்ப்புப் பத்திரிகையோடு வந்தார்.

"சாமி கிழக்க பாத்துத்தான இருக்கும், மேடம்? எங்க வீட்டுக்காரவ தூங்க விடமாட்டேங்காவ."

"ராஜி எல்லாம் பாத்துக்கிடுவா" என்றார் மேடம். ராஜி அக்கா சிரித்தாள்.

"இல்லம்மா" என்று ஒரு குரல் கேட்டது. பார்த்தால் அது நான்தான்! "நான் தப்பா வரைஞ்சிட்டேன். சாமி வடக்க பாத்துரும். அக்கா மேல தப்பில்ல."

மேடம் முகம் சிவந்துவிட்டது. உடனே பட்டறைக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஆசாரி பேசியது எல்லாருக்கும் கேட்டது.

"எங்க மேடம் வெட்ட? காலையிலேயே கரண்ட் போச்சு. அஞ்சு மணிக்குத்தான் வருமாம். பலகைய இன்னும் தொடவே இல்ல."

"இத நேத்தே சொல்லுததுக்கு என்ன?" என்று மேடம் ஏச ஆரம்பித்தார். வாத்தியார் மனைவிதான் குறுக்கே வந்தார். "விடுங்க மேடம், பிள்ள ஒத்துக்கிட்டால்லா." அன்று மதியமே ராஜி அக்காவும் நானும் போய் மறுபடி அளந்தோம். அக்கா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. பால்காய்ப்பன்று சாமி கிழக்கு பார்த்து இருந்தது. ஆறு வாரம் முடிந்து சான்றிதழும் வந்தது.

வீட்டில் எல்லாவற்றையும் சொல்லி, அம்மன்தான் கரண்டை நிறுத்தினாள் என்றேன். அப்பா சிரித்துவிட்டார். "ஏட்டி, பராமரிப்புக்காக மின்தடைன்னு முந்தின நாளே பேப்பர்ல போட்டிருந்தான். நீ மஞ்சள் இடிக்கதுக்கு முன்னாலயே."

எனக்கு மறுபடியும் குழப்பம். பல நாள் யோசித்தேன். சரி, கரண்ட் பேப்பர்படியே போனதாக இருக்கட்டும். பலகை வெட்டியாகிவிட்டது, சொல்லி லாபமே இல்லை என்று நம்பிக்கொண்டே, நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தேனே, நான்! நாலு வாரம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவள். அது எந்தப் பேப்பரில் போட்டிருந்தது?

அப்பாவிடம் அப்படியே கேட்டேன். அவர் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார்.

இப்போதெல்லாம் தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். ஏச்சு விழுகிறது, ஆனால் பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்குகிறேன். அக்காமாரே, தங்கச்சிமாரே, என்ன வேண்டுவது என்று தெரிந்த பிறகு கோயிலுக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். குழம்பிய மனதோடேயே போய் நில்லுங்கள். ஒழுங்காகக் கேட்கத் தெரியாதவர்களையும் உலகம்மை வெறுங்கையோடு அனுப்புவதில்லை.