மங்கியது கண்ணா, டிவியா?

எங்கள் வீடு எண்ணூரில். நிலக்கரித் தூசுக்குப் பயந்து ஃபிரிட்ஜ், மிக்சி எதிலும் கடையில் ஒட்டி வந்த பிளாஸ்டிக்கை உரிக்க மாட்டோம். பொங்கலுக்கு வாங்கிய எச்.டி. டிவியிலும் திரைமேல் இருந்த தாளை அப்படியே விட்டுவிட்டோம். தினமும் ஈரத் துணியால் அதைத் துடைப்பேன்.

கடையில் பளிச்சென்று தெரிந்த படம், போகப்போகப் புகைமூட்டமாகத் தெரிந்தது. எனக்குச் சர்க்கரை உண்டு. அது கண்ணைப் பாதித்துவிட்டதோ என்று பயந்தேன். என் கணவர் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அவரிடம், "படம் நல்லா தெரியுதுல்ல?" என்று கேட்டேன்.

"சூப்பரா கீது" என்றார்.

அப்படியென்றால் என் கண்தான். ஆனால் ஊசியில் நூல் சுலபமாகக் கோக்கிறேன், பஸ் நம்பர் தூரத்திலேயே தெரிகிறது. ஒன்றும் புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்தூரிலிருந்து நாத்தனார் வந்தாள். டிவியைப் பார்த்ததும், "இன்னா அண்ணி, படம் இவ்ளோ கலீஜா கீது?" என்றாள்.

"உனக்கும் அப்படியா தெரியுது?" என்று நானும் அவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

அவள் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தாள். துடைத்துத் துடைத்து நான் கீறல் விழ வைத்திருந்த தாள் முழுசாகக் கழன்று வந்தது. படம் பளிச்சென்று ஆனது.

"கண்ணு போச்சுன்னு நெனச்சுகினு இருந்தேன். சொன்னா வண்டிய வுட்டு எறக்கிடுவாங்கன்னுதான் வாயத் தொறக்கல" என்றார் அவர்.

ஃபிரிட்ஜில் பிளாஸ்டிக் இன்னும் இருக்கிறது. ஆனால் "நல்லா தெரியுதுல்ல?" என்று இப்போது நான் கேட்பதில்லை. "எனக்கு மங்கலா கீது, உனக்கு?" என்றுதான் கேட்கிறேன்.

- மல்லிகா, எண்ணூர்