பாவு புணைத்த வீடு

என் அக்கா பெரியநாயகி ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை பார்த்தவர். அவர் வைத்த சாம்பார்தான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது. போன மார்கழியில் தூக்கத்திலேயே போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பொறுமைசாலி என்றார்கள். ஒரு விஷயத்தில் அவர் பொறுக்கவே இல்லை. அதில் ஜெயித்தும் காட்டினார்.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு, அந்தக் காலத்தில் பட்டுத் தொழில் செய்தவர்களுக்கு மனை கொடுத்து உண்டான தெரு. அதற்கென்று ஒரு முருகன் கோயில் உண்டு. பங்குனி உத்திரத்தன்று சுவாமி தெருவில் வருவார். பட்டுக்கு உழைத்த வீடுகளின் வாசலில்தான் பல்லக்கு நிற்கும். தறி போட்ட வீடு, சாயம் தோய்த்த வீடு என்று கணக்கு. இன்று அந்த வீட்டில் மெடிக்கல் ஷாப் நடந்தாலும் முன்னோரின் தொழிலுக்காக நிற்கும். வீட்டார் கொடுக்கும் வஸ்திரத்தைச் சுவாமிக்குச் சாத்திவிட்டு, அந்தத் தொழிலின் பெயரை அர்ச்சகர் உரக்கச் சொல்வார்.

எங்கள் வாசலில் நிற்காது. அப்பா வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவர். தாத்தாவும் அப்படியே. நாங்கள் பக்கத்து வீட்டு வாசலில் ஒண்டி நின்று கற்பூரத்தை ஒற்றிக்கொள்வோம். சின்ன வயதிலேயே அக்கா அதற்கு வர மறுத்து உள்ளே போய்விடுவார்.

அப்பா காலமான பிறகு அக்கா கோயில் சங்கத் தலைவர் வீரபத்திரனிடம் நேராகவே கேட்டார்.

"அண்ணே, தொழில் இல்லாத வூட்டுக்கு இந்தத் தெருவுல எப்படி மனை குடுத்தாங்க? எங்க ஆளுங்க எதுனா செஞ்சிருக்கணும் இல்ல?"

"செஞ்சாங்களேம்மா, மூட்டை தூக்கினாங்க. அரிசிக்குன்னு ஒரு பல்லக்கு வுட்டா மொதல்ல உங்க வூட்டாண்டதான் நிறுத்துவோம்."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டைக்குப் போனார். அப்பாவின் பங்காளி சிவபாலன் சித்தப்பா அங்கேதான் இருந்தார்.

"ஆம்பளைங்கள ஏம்மா தேடிக்கினு இருக்க? நம்ம வூட்ல தொழில் பொம்பளைங்களுது. வூடு வூடா போயி பாவு புணைச்சவங்க அவங்க" என்றார் சித்தப்பா.

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். உடல் ஒரு நிறம், முந்தானை வேறு நிறம் என்றால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு பாவின் ஒவ்வொரு இழையையும் அடுத்த பாவின் இழையோடு விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். இதுதான் புணைப்பது. விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலை. எல்லார் வீட்டுத் தறியிலும் அவர்களுக்கு வேலை இருந்தது. சொந்தத் தறி அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

"நம்ம பொம்பளைங்க ஓரத்து மொத இழையில மஞ்சள்ல தோச்ச நூல வெச்சு ஒரு முடிச்சு போடுவாங்க. வேற யாரும் அப்படிப் போட மாட்டாங்க."

வீரபத்திரன் இதற்கும் அசையவில்லை. "உங்க சித்தப்பா சொன்னார்னு சாமி நிக்குமாம்மா? கண்ணால காட்டு, நிறுத்தறேன்."

அக்கா தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். பழைய கல்யாணப் புடவையைக் காட்டச் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? "இன்னா பெரியநாயகி, கேன்டீன வுட்டுட்டு பழைய ஜரிகை வாங்கக் கெளம்பிட்டியா?" என்று ஒரு வீட்டில் கிண்டல். காட்டியவர்களின் புடவைகளிலும் மஞ்சள் முடிச்சு இல்லை. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். சித்தப்பா கதை விட்டிருப்பாரோ என்று நான் கேட்டதற்கு, திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பாக்கி இருந்தது வீரபத்திரன் வீடு. அவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனோம். அவர் மனைவி மஹாலட்சுமி, மாமியாரின் கூறைப்புடவையைச் சாமி அறையிலிருந்து எடுத்து வந்தார். அதைக் கும்பிடுவதற்கு மட்டும் எடுப்பார்களாம். அரக்கு உடலும் பச்சை முந்தானையும் சேரும் இடத்தில், ஓரத்தில், கடுகளவு மஞ்சள் முடிச்சு இருந்தது.

"அய்யோ, இதுவாக்கா? இது பிசிறுன்னு இல்ல நெனச்சோம்! எங்கம்மா புடவைல இருந்தத நானே கத்திரில நறுக்குனேன்" என்றார் மஹாலட்சுமி.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நறுக்கியிருந்தால் அடிக்கட்டை நெசவுக்குள் இருக்கும் அல்லவா? பார்த்த வீடுகளுக்கே மறுபடி போனோம். இந்த முறை ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். வரிசையாக எத்தனையோ புடவைகளில், நறுக்கிய நூலின் நுனி மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. தெருவே எங்கள் வீட்டுக் கைவேலையைப் பிசிறு என்று வெட்டிப் போட்டிருந்தது.

சங்கக் கூட்டத்துக்குப் பெண்கள் புடவைகளோடு வந்தார்கள். மஹாலட்சுமி முன்வரிசையில் மாமியார் புடவையை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தார். வீரபத்திரன் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"எங்கம்மா புடவையவே எனக்கு எதிரா சாட்சி சொல்ல வெச்சிட்டியேம்மா!"

"உங்கம்மாவாச்சும் உண்மை பேசறாங்களே" என்றார் மஹாலட்சுமி. கூடத்தில் எழுந்த சிரிப்பில் வீரபத்திரனும் கலந்துகொண்டார். பிறகு எழுந்து நின்று, "நிக்கும்மா. இந்த வருசமே நிக்கும்" என்றார்.

உத்திரத்தன்று அக்கா வாசலில் பெரிய கோலம் போட்டு, தட்டில் பட்டு வஸ்திரத்தோடு நின்றார். பல்லக்கு வந்தது. தூக்குகிறவர்கள் பழக்கதோஷத்தில் எங்கள் வீட்டைத் தாண்டி நடந்தார்கள். நாயனக்காரர் அடுத்த வீட்டை எட்டிவிட்டார்.

"டேய், எங்கடா போறீங்க? நில்லுங்கடா!" என்று தெருவே கேட்கக் கத்தியவர் வீரபத்திரன்.

பல்லக்கு நின்றது. தோளில் சுவாமியோடு அவர்கள் ஒவ்வொரு அடியாகப் பின்னால் வந்து, எங்கள் கோலத்தின் மேல் நின்றார்கள். அர்ச்சகர் வஸ்திரத்தை வாங்கிச் சாத்தினார். எந்தத் தொழில் என்று சொல்ல வாயெடுத்து, தெரியாமல் அக்காவைப் பார்த்தார்.

"பாவு புணைச்ச வீடு" என்றார் அக்கா.

அர்ச்சகர் சொன்னார். அவர் குரல் போதவில்லை என்று அக்காவே இன்னொரு முறை, தெருக்கோடி வரை கேட்கும்படி சொன்னார்.