காலருக்காக நான் கேட்கப் போன தடை

இருபத்தாறு வருஷம் சங்கத்துல இருந்தவன் நான். மேனேஜர் போடற ரூலை எடுக்கச் சொல்லியே கேட்டு வாசல்ல நின்னு தொண்டை போனவன். ஒரே ஒரு தடவைதான், ரூல் போடுங்கன்னு கேட்கப் போனேன். எல்லாம் காலரால.

சட்டை தைக்கிற கம்பெனி. மூணாவது லைன்ல காலர் தைக்கிறவ, அதனால பேரே காலர்னு ஆயிடுச்சு. நாப்பத்திரெண்டு வயசு. வீட்டுல அவளும் அம்மாவும் மட்டும்.

லைனுக்கு ஒரு பாத்ரூம் டோக்கன்தான், அது கையில இருந்தாத்தான் மெஷினை விட்டு எழுந்து போகலாம். காலர் அதை எடுத்துட்டுப் போனா லேசுல திரும்ப மாட்டா. சூப்பர்வைசர் கத்தினான். நான் விடுவேனா? 'பெண்கள் உடம்பு மெஷின் அல்ல'ன்னு நோட்டீஸ் அடிச்சேன். ரெண்டு வாரம் மல்லுக்கட்டி ரெண்டாவது டோக்கன் வாங்கிக் கொடுத்துட்டு, நெஞ்சை நிமித்திட்டுத் திரிஞ்சேன்.

ஆனாலும் அவ இளைச்சுக்கிட்டே போனா. ஒருநாள் நாப்பது காலரை உள்பக்கம் வெளிப்பக்கமா மாத்தித் தைச்சு அடுக்கி வெச்சிருக்கா. இன்னொரு தடவை நடந்தா வீட்டுக்குப் போயிடுன்னுட்டான் சூப்பர்வைசர். தண்ணிக் குழாய்கிட்ட அவளை நிறுத்திக் கேட்டேன்.

"உடம்புக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்லண்ணே. நான் பாத்ரூமுக்கே போறதில்ல. அம்மா போன்."

"என்னது?"

"அரை மணிக்கொரு தடவை கூப்பிடுவாங்க. எடுக்கலன்னா நாலு நாள் பேச மாட்டாங்க. எனக்கு ஒரு வாய் சோறு இறங்காது, தூக்கம் வராது. ரெண்டாவது டோக்கன் வந்துச்சுன்னு வாயை விட்டுட்டேன். இப்ப இன்னும் அதிகமாக் கூப்பிடறாங்க."

தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. போராடி வாங்கினதை அந்தம்மா கையில கொண்டு போய்க் கொடுத்திருக்கேன்.

"அணைச்சு வெச்சுத் தொலைக்க வேண்டியதுதானே?"

"போனை வீட்டுல வெச்சுட்டு வந்த அன்னைக்கும் காதுல மணி அடிக்குதுண்ணே."

"டாக்டர்கிட்ட போ."

"போய் என்ன சொல்ல, அம்மா போன் பண்றாங்கன்னா? நீங்க ஒண்ணு பண்ணுங்க. லைன்ல போன் கூடாதுன்னு ரூல் போடச் சொல்லுங்க. கம்பெனி ரூலுன்னா அம்மா ஒத்துப்பாங்க."

போனேன். மேனேஜர் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். "சங்கமே கேட்குதா? எழுதிக் கொடுங்க, நாளைக்கே எல்லா லைனுக்கும் போட்டுடறேன்." பேனாவைத் திறந்தவன் மூடிட்டு வந்துட்டேன்.

விஷயம் தெரிஞ்சு, துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின்காரி என்னைப் பிடிச்சுக்கிட்டா. காலருக்குப் பக்கத்து சீட்டு அவளுக்கு.

"ஏன் தலைவரே, எங்க எல்லார் போனையும் பிடுங்கியா இவளைக் காப்பாத்துவீங்க? அவ அழுதுட்டு வர்றதை மூணு மாசமா நான் பாக்கறேன். நீங்க நோட்டீஸ் அடிச்சிட்டிருந்தீங்க."

காலர் பக்கம் கையை நீட்டினா. "கொடுடி."

காலர் யோசிச்சு யோசிச்சுக் கொடுத்தா. போன் அப்பவே அடிச்சுது.

"அம்மா, நான் பக்கத்து மெஷின். அவ வேலையா இருக்கா. சாப்பாட்டு நேரத்துல அவளே கூப்பிடுவா." போனைத் தன்னோட சாப்பாட்டுப் பையில போட்டுட்டு மெஷினை மிதிச்சா.

அதுலருந்து தினமும் வேலை நேரத்துல போன் அந்தப் பையிலதான். அம்மா பேசறதை நிறுத்திட்டாங்க. மூணாம் நாளே காலர் போனைத் திருப்பிக் கேட்டா. "தர்றேன், முதல்ல ஆஸ்பத்திரிக்கு வா"ன்னு மனநல டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போய் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தா ஓவர்லாக். நாலு வியாழக்கிழமை அப்படிப் போச்சு.

நேத்து குழாய்கிட்ட காலரே வந்தா.

"அம்மா மறுபடி பேசறதை நிறுத்திட்டாங்கண்ணே. அஞ்சு நாளாச்சு."

"ஐயோ. அப்புறம்?"

"அப்புறமென்ன, சாப்பிட்டேன். தூங்கினேன்."