பக்கத்தில் ஒரு பெயர்

கையடக்க வீடியோ கேமின் புது மாடல் இன்றுதான் கடைக்கு வந்தது. விமான் நகர் கடைக்காரர் வழக்கம்போல் இரண்டு பெட்டிகளை எடுத்துவைத்தார்.

"ஏக் பாய் கா, நா?" ஒன்று தம்பிக்குத்தானே என்று இந்தியில் கேட்டார்.

தம்பி ரகு போன வருஷம் பைக் விபத்தில் இறந்ததை அவரிடம் சொல்லவில்லை. ஒன்று போதும் என்றேன்.

வீட்டுக்கு வந்து ஆன் செய்து, அருகிலுள்ள கேம் செட்டுகளோடு அரட்டையடிக்கும் பக்கத்தைத் திறந்தேன். திரையில் ஒரு பெயர் வந்தது.

ரகு.

செட்டோடு உள்ளே ஓடினேன். உள்ளறையில் அம்மா அவனுடைய பழைய செட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தினமும் சார்ஜ் போட்டு இதைத் திறந்து பாப்பேன்டா. அவன் பேர் வரும். இன்னிக்குப் பக்கத்துல உன் பேரும் வந்திருக்கு."

நானும் அம்மாவும் இன்னும் அணைக்கவில்லை; ஒன்றை அணைத்தால் மற்றதில் அந்தப் பெயர் மறைந்துவிடும். இரண்டிலும் சார்ஜ் குறைகிறது. முதலில் யார் அணைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.